விசையும் இயக்க விதிகளும்: வகுப்பறையில் செய்து பார்த்துக் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மேசைமேல் ஒரு புத்தகத்தைத் தள்ளுங்கள். கையை எடுத்ததும் நின்றுவிடும். பெட்டியும் நாற்காலியும் அப்படித்தான். ‘தள்ளிக்கொண்டே இருந்தால்தான் ஓடும்’ என்ற முடிவுக்கு மாணவர் பள்ளிக்கு வருவதற்கு முன்பே வந்துவிடுகிறார். அவர் பார்த்ததெல்லாம் அதற்குத்தான் சாட்சி சொல்கிறது. அவரிடம் போய், ‘வெளிவிசை செயல்படாதவரை, நகரும் பொருள் மாறாத வேகத்தில் நேர்கோட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும்’ என்று பலகையில் எழுதினால் தேர்வுக்காக மனப்பாடம் செய்துகொள்வார். நம்ப மாட்டார்.

நம்பவிடாமல் நடுவில் நிற்பது உராய்வு. கண்ணுக்குத் தெரியாத அந்த விசையைக் கணக்கில் சேர்த்தால் மாணவரின் அனுபவமும் நியூட்டனின் விதியும் ஒத்துப்போகும். சேர்க்காவிட்டால் ஒத்துப்போகவே முடியாது. பல பாடத்திட்டங்களில் மூன்று விதிகளும் முடிந்த பிறகு உராய்வு ஒரு தனிப் பாடமாக வருகிறது. சோதனை வழியாகக் கற்பிக்கும்போது அந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் விசையை அளக்கக் கருவி, அடுத்து உராய்வு, அதன் பிறகுதான் விதிகள். இந்த வழிகாட்டி அந்த வரிசையில் போகிறது.

45 நிமிட வகுப்புகள் ஏழு தேவைப்படும்: விசைமானிக்கு ஒன்று, உராய்வுக்கு ஒன்று, முதல் விதிக்கு ஒன்று, இரண்டாம் விதிக்கும் மூன்றாம் விதிக்கும் இரண்டிரண்டு. குழுவுக்கு நான்கு பேர் போதும். ஐந்தாவது ஆள் வேடிக்கை பார்க்கத்தான் நிற்பார்.

முதலில் ஊகம், பிறகு சோதனை

எந்தச் சோதனையையும் தொடங்கும் முன், என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று ஒவ்வொரு மாணவரும் நோட்டில் இரண்டு வரி எழுதட்டும். வாய்மொழியாகக் கேட்டால், முதலில் பேசுபவரின் விடையைத்தான் வகுப்பே திருப்பிச் சொல்லும். எழுதி முடித்ததும் பேனாவைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். எழுதியதை அழிக்கக் கூடாது. சோதனைக்குப் பிறகு அதன் கீழே, நடந்தது என்ன, ஊகம் எந்த இடத்தில் பிசகியது என்று எழுதட்டும். ஊகம் தவறானால் மதிப்பெண் குறையாது என்பதை முதல் நாளிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது சோதனையிலிருந்து, பாடநூலைப் புரட்டிப் பார்த்துச் சரியான விடையை ‘ஊகிக்க’ ஆரம்பித்துவிடுவார்கள்.

சோதனை 1: ரப்பர் வளைய விசைமானி

வாங்கிய சுருள்வில் தராசு இருந்தாலும் இதைச் செய்ய வைப்பது நல்லது. நியூட்டன் என்ற அலகு வெறும் எழுத்தாக நின்றுவிடாமல், கையில் உணரும் இழுப்பாக மாறுவது இங்கேதான்.

தேவையானவை: 2 அல்லது 3 மி.மீ அகலமுள்ள ரப்பர் வளையம், 30 செ.மீ நீளமுள்ள தடித்த அட்டை, இரண்டு ஜெம் கிளிப், வெள்ளைத்தாள் பட்டை, லேசான பிளாஸ்டிக் கோப்பை, நூல், மி.லி குறியிட்ட ஊசிக்குழல் அல்லது அளவுக்குவளை.

1. ரப்பர் வளையத்தை, பயன்படுத்தப்போகும் முழு நீளத்துக்கு ஐந்தாறு முறை இழுத்துவிடுங்கள். புது ரப்பர் முதல் சில இழுப்புகளில் சற்றுத் தளரும். அந்தத் தளர்ச்சி அளவுக்கோடு போடும் முன்பே வந்துவிட வேண்டும்.
2. அட்டையின் மேல் விளிம்பில் ஒரு ஜெம் கிளிப்பை மாட்டி, வளையத்தை அதில் தொங்கவிடுங்கள். வளையத்தின் கீழ்முனையில் இன்னொரு கிளிப். அதன் நுனிதான் சுட்டுமுள்.
3. அட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, சுமை ஏதுமில்லாதபோது நுனி நிற்கும் இடத்தில் 0 என்று குறியுங்கள்.
4. கோப்பையை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். 51 கிராமின் எடை 0.5 நியூட்டன். கோப்பை 6 கிராம் என்றால் முதலில் 45 மி.லி நீர், பிறகு ஒவ்வொரு முறையும் 51 மி.லி. நான்கு முறை ஊற்றினால் 2 நியூட்டன் வரை கோடு போட்டுவிடலாம்.
5. நீரைப் படிப்படியாக வெளியே எடுத்து, அதே சுமைகளில் நுனி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

ஐந்தாம் படியைத் தவிர்க்காதீர்கள். சுமையைக் கூட்டும்போது நின்ற இடத்துக்கும், குறைக்கும்போது நிற்கும் இடத்துக்கும் வேறுபாடு இருக்கும். ரப்பரின் இயல்பு அது. அதனால் இந்தக் கருவியில் எப்போதும் இழுப்பைக் கூட்டிக்கொண்டே போய்த்தான் அளவெடுக்க வேண்டும். அதிகமாக இழுத்துவிட்டுத் தளர்த்தி வாசித்தால் தவறு வரும். கோடுகளின் இடைவெளியும் சமமாக இருக்காது. சுருள்வில் தராசில் சமமாக இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால், தராசுக்குள் ரப்பரை வைக்காமல் சுருள்வில்லை வைப்பது ஏன் என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

சுருள்வில் தராசைப் பயன்படுத்துவோருக்கு ஒரு எச்சரிக்கை. செங்குத்தாகப் பிடித்தபோது பூஜ்யம் காட்டிய தராசு, கிடையாகப் படுக்க வைத்தால் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே போகும். கொக்கியின் எடை வில்லை இழுப்பது நின்றுவிடுவதே காரணம். கிடையாக அளக்கும் முன் பூஜ்யத்தைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். இல்லையேல் எல்லா அளவும் ஒரே அளவுக்குக் குறைவாக வரும், காரணமும் பிடிபடாது.

சோதனை 2: உராய்வைப் பிடித்து அளப்பது

மரக்கட்டையைத் தராசால் இழுத்து, சீரான வேகத்தில் நகரும்போது அளவைக் குறிப்பதுதான் வழக்கமான முறை. சொல்ல எளிது, செய்யக் கடினம். கை நடுங்கும், கட்டை நின்று நின்று நகரும், முள் ஆடிக்கொண்டே இருக்கும். ஆளுக்கொரு அளவு வரும். இதைத் தலைகீழாக்கிவிடுங்கள்: கட்டை நிற்கட்டும், தளம் நகரட்டும்.

சுமார் 500 கிராம் எடையுள்ள மரக்கட்டையைத் தராசின் கொக்கியில் மாட்டி, தராசின் மறுமுனையை அசையாத ஒன்றில், சுவரிலுள்ள ஆணியிலோ மேசையில் இறுக்கிய கவ்வியிலோ கட்டுங்கள். கட்டைக்கு அடியில் ஒரு நீளமான பலகை. தராசு, நூல், கட்டை மூன்றும் ஒரே மட்டத்தில், ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இப்போது பலகையை மட்டும் தராசுக்கு எதிர்ப்பக்கமாக இழுங்கள். வேகம் கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். நகரும் பரப்புகளுக்கு இடையிலான உராய்வு வேகத்தைப் பெரிதாகச் சார்ந்திருக்காது என்பதை மாணவர்கள் போகிற போக்கிலேயே பார்த்துவிடுவார்கள்.

மரத்தின்மேல் மரம் என்றால், கட்டையின் எடையான 4.9 நியூட்டனில் கால் பங்கு முதல் பாதி வரை வரலாம். பலகை நகரத் தொடங்கும் கணத்தில் முள் ஒருமுறை உயர்ந்து பிறகு இறங்குவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். அந்த உச்சம்தான் நிலை உராய்வின், அதாவது நகரத் தொடங்கும் முன் பொருளைப் பிடித்து நிறுத்தும் உராய்வின் எல்லை. கண்ணால் பிடிக்க முடியாவிட்டால் செல்பேசியில் படமெடுத்து மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம்.

பிறகு மூன்று மாற்றங்கள். கட்டைமேல் இன்னொரு 500 கிராம் வைத்தால் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். கட்டையைக் குறுகிய பக்கத்தில் நிறுத்தினால், தொடும் பரப்பு குறைந்தும் அளவு பெரிதாக மாறாது. வகுப்பில் பெரும்பாலானோரின் ஊகம் இங்கே பொய்க்கும். அதனால் இதற்கு நேரம் கொடுங்கள். கட்டையின் ஒரு பக்கம் சொரசொரப்பாகவோ சாயம் பூசியோ இருந்தால் இந்த முடிவு கெட்டுவிடும். எனவே எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழைத்த கட்டையாகத் தேர்ந்தெடுங்கள். கடைசியாக, கட்டைக்கு அடியில் ஐந்தாறு உருண்டைப் பென்சில்களை வைத்து இழுத்தால் முள் பூஜ்யத்துக்கு அருகே விழும். அறுகோணப் பென்சில் கூடாது. தட்டித் தட்டி நிற்கும்.

இந்த வகுப்பு முடியும்போது பலகையில் ஒரு கேள்வியை எழுதி வையுங்கள்: உராய்வு முழுவதுமாகப் போய்விட்டால் என்ன ஆகும்? விடை சொல்ல வேண்டாம்.

சோதனை 3: முதல் விதி

குவளைமேல் அட்டை, அட்டைமேல் நாணயம். அட்டையைச் சுண்டினால் நாணயம் குவளைக்குள் விழும். எல்லாப் பாடநூலிலும் உள்ள இந்தச் சோதனையை, ‘நிலைமத்தால் நாணயம் அசையவில்லை’ என்ற ஒரு வரியோடு முடிப்பதுதான் வழக்கம். அது முழு உண்மை அன்று. நேற்று உராய்வை அளந்த மாணவர், ‘அட்டை நாணயத்தை உராய்ந்துகொண்டுதானே போனது, அந்த விசை என்ன ஆயிற்று?’ என்று கேட்டால் அந்த வரியில் விடை இல்லை.

விடையைக் கணக்கில் காட்டலாம். 8 செ.மீ நீள அட்டை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் உருவப்பட்டால், அதன் ஒரு பாதி நாணயத்துக்கு அடியிலிருந்து விலக 0.02 நொடி ஆகும். உராய்வு நாணயத்துக்குத் தரும் முடுக்கம், உராய்வுக் குணகம் (பரப்பை அழுத்தும் விசையில் உராய்வு எத்தனை பங்கு என்ற எண்) 0.3 என்று கொண்டால், சுமார் 3 மீ/நொ². அந்த நேரத்தில் நாணயம் நகரும் தூரம் ½ × 3 × 0.02², அதாவது 0.6 மி.மீ. நாணயம் நகர்கிறது, ஆனால் குவளையின் வாயைத் தாண்டும் அளவுக்கு இல்லை. அதே அட்டையை அரை நொடி எடுத்து மெதுவாக இழுத்தால் நாணயமும் கூடவே வந்துவிடும். இரண்டிலும் நாணயத்தை இழுக்கும் விசை உராய்வுதான். அது செயல்பட்ட நேரம்தான் வேறு.

செய்யும்போது, அட்டையைக் கிடையாகச் சுண்ட வேண்டும். விரல் மேல்நோக்கிப் போனால் நாணயம் துள்ளிவிடும். மடிந்த, வளைந்த அட்டையும் இதே கோளாறைத் தரும்.

இதே கருத்தை இன்னும் அழுத்தமாகக் காட்ட இரட்டை நூல் சோதனை உண்டு. 500 கிராம் கல்லை ஒரு நூலில் தொங்கவிட்டு, கல்லின் அடியில் அதே நூலின் இன்னொரு துண்டைக் கட்டுங்கள். கல்லைத் தாங்கிக்கொண்டு, கையால் இழுத்தால் அறுபடும் தையல் நூலாக முன்கூட்டியே சோதித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழ்நூலை மெல்ல மெல்ல இழுத்தால் மேல்நூல் அறும்: அது கல்லின் எடையையும் கையின் இழுப்பையும் சேர்த்துத் தாங்குகிறது. வெடுக்கென்று இழுத்தால் கீழ்நூல் அறும்: மேல்நூல் நீள வேண்டுமானால் கல் முதலில் கீழே நகர வேண்டும், கல் நகரத் தொடங்கும் முன்பே கீழ்நூல் அறுந்துவிடுகிறது. முதல் முறையில் கல் விழும். அடியில் தடித்த பஞ்சுமெத்தை வைத்த பெட்டி கட்டாயம் இருக்க வேண்டும். இழுப்பவரின் கையும் காலும் கல்லுக்கு நேர் கீழே வரக் கூடாது. முடிச்சில் நூல் வலுவிழந்து எப்போதும் அங்கேயே அறுந்தால், ஒற்றை முடிச்சுக்குப் பதில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிடுங்கள்.

இவை இரண்டும் விதியின் பாதிதான்; நிற்கும் பொருள் நிற்பதைக் காட்டுகின்றன. மாணவர் நம்ப மறுப்பது மறுபாதியை. நகரும் பொருள் ஏன் நிற்காமல் போக வேண்டும்? இதற்குக் காற்றில் மிதக்கும் சிடி வேண்டும்.

1. பழைய சிடியின் நடுத் துளைக்கு மேலே, இழுத்துத் திறக்கும் வகை பாட்டில் மூடியை ஒட்டுங்கள். சிடியின் பளபளப்பான பக்கம் கீழே இருக்கட்டும். அந்த மூடி கிடைக்காவிட்டால் சாதாரண மூடியில் 3 மி.மீ துளை போடலாம்.
2. மூடியைச் சுற்றிப் பசை முழு வளையமாக அமைய வேண்டும். ஓரிடத்தில் இடைவெளி இருந்தாலும் காற்று பக்கவாட்டில் கசிந்து, சிடி ஒரு பக்கமாக ஓடும்.
3. பலூனை ஊதி, கழுத்தை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயை மூடியின்மேல் மாட்டுங்கள். முறுக்கை விட்டதும் சிடி மிதக்கும்.
4. முதலில் தள்ளாமல் சும்மா விட்டுப் பாருங்கள். தானாக ஒரு பக்கம் நகர்ந்தால் மேசை மட்டமாக இல்லை. காலடியில் மடித்த தாள் வைத்து, சிடி நின்ற இடத்திலேயே நிற்கும்வரை சரிசெய்யுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டால் பிறகு வரும் எதையும் நம்ப முடியாது.
5. மேசையில் 30 செ.மீ இடைவெளியில் நான்கு கோடுகள் போட்டு, மெல்லத் தள்ளி, மேலிருந்து படமெடுங்கள்.

நொடிக்கு 30 சட்டகம் (ஃபிரேம்) எடுக்கும் செல்பேசியில், ஒவ்வொரு இடைவெளியையும் கடக்க எத்தனை சட்டகம் ஆயிற்று என்று எண்ணினால் போதும். மூன்று எண்களும் ஏறக்குறைய ஒன்றாக வரும். நொடிக்கு அரை மீட்டர் வேகம் என்றால் சுமார் 18 சட்டகம். பலூனை எடுத்துவிட்டு அதே வேகத்தில் தள்ளினால், உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொண்டால், சிடி நான்கே செ.மீட்டரில் நின்றுவிடும். நேற்றைய கேள்வியைப் பலகையில் காட்டி இப்போது விடை கேளுங்கள்.

பெரிதாகத் தவறுவது பலூன்தான். முழுக்க ஊதிய பலூன் தலைபாரமாகச் சாய்ந்து சிடியின் ஓரத்தை மேசையில் உரச வைக்கும். முக்கால்வாசி ஊதினால் போதும்.

சோதனை 4: இரண்டாம் விதி

ஒரு பொருளின் முடுக்கம், அதன்மேல் செயல்படும் மொத்த விசைக்கு நேர்விகிதத்திலும் அதன் நிறைக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்பதே இரண்டாம் விதி. அளவு அதிகம் வேண்டிய சோதனை இது. பிழையும் அதிகம் வரும். இரண்டு வகுப்பு ஒதுக்குங்கள்.

தேவையானவை: தடையின்றி உருளும் சக்கரங்கள் கொண்ட வண்டி, மேசை விளிம்பில் பொருத்தும் கப்பி, மெல்லிய வலுவான நூல், 10 கிராம் எடையுள்ள வாஷர்கள் பத்து, அவற்றைத் தொங்கவிட ஒரு சிறு கம்பிக் கொக்கி, வண்டியில் ஏற்ற எடைகள், வண்டி விளிம்பைத் தாண்டாமல் தடுக்க ஒரு கட்டை.

வண்டி, அதிலுள்ள எடை, பத்து வாஷர் எல்லாம் சேர்ந்து சரியாக 1 கி.கி வரும்படி எடையை ஏற்றுங்கள். இழுவிசையைக் கூட்ட வேண்டும்போது, வண்டியிலிருக்கும் வாஷரை எடுத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். வெளியிலிருந்து புதிதாகச் சேர்க்கக் கூடாது. சோதனை கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தொங்கும் வாஷரும் வண்டியோடு சேர்ந்து முடுக்கமடைகிறது. நகரும் மொத்த நிறை வண்டியும் வாஷரும் சேர்ந்தது. புதிதாகச் சேர்த்துக்கொண்டே போனால் விசையோடு நிறையும் கூடி, நேர்கோடாக வர வேண்டிய வரைபடம் வளையும்.

இன்னொரு பொறி, தூரம். சாதாரண மேசையின் உயரம் 75 செ.மீ. வாஷர் தரையைத் தொட்டதும் இழுப்பு நின்றுவிடும். ஆகவே அளக்கும் தூரம் 60 செ.மீ என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல் மேசைக்கு இணையாகச் செல்லும்படி கப்பியின் உயரத்தை அமைக்க வேண்டும். சாய்வாகச் சென்றால் இழுப்பின் ஒரு பகுதி வண்டியைத் தூக்கவோ அழுத்தவோ போய்விடும்.

வண்டியைப் பிடித்து நிறுத்தி, தள்ளாமல் கையை விட்டு, 60 செ.மீ கடக்கும் நேரத்தைப் படத்திலிருந்து எடுங்கள். முடுக்கம் = 2 × தூரம் ÷ நேரத்தின் வர்க்கம். ஒவ்வொரு சுமைக்கும் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். நிறுத்துகடிகாரம் மட்டும் இருந்தால் சுமைக்கு ஐந்து முறை செய்யுங்கள். 1.2 நொடியில் 0.1 நொடி தவறினால் நேரத்தில் வரும் பிழை 8 சதவீதம். வர்க்கம் எடுப்பதால் முடுக்கத்தில் அது இரட்டிப்பாகும்.

சக்கரத்திலும் கப்பியிலும் உள்ள உராய்வு மொத்தம் 0.1 நியூட்டன் என்று கொண்டால், கணக்குப்படி வர வேண்டியவை:

20 கிராம், 0.196 நியூட்டன்: 3.54 நொடி, முடுக்கம் 0.096 மீ/நொ²
40 கிராம், 0.392 நியூட்டன்: 2.03 நொடி, 0.292
60 கிராம், 0.588 நியூட்டன்: 1.57 நொடி, 0.488
80 கிராம், 0.784 நியூட்டன்: 1.32 நொடி, 0.684
100 கிராம், 0.98 நியூட்டன்: 1.17 நொடி, 0.88

உங்கள் வண்டியின் உராய்வு வேறாக இருக்கும், எண்களும் மாறும். கோட்டின் சாய்வு மாறாது.

பாதையின் ஒரு முனையை உயர்த்தி, வண்டி சீராக உருளும் சாய்வைக் கண்டுபிடித்து, அதன் மூலம் உராய்வை முதலிலேயே ஈடுசெய்யச் சொல்லும் செய்முறைகள் உண்டு. நல்ல உத்திதான், ஆனால் அதை இரண்டாவது வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகுப்பில் ஈடுசெய்யாமலே விடுவது மேல். கிடை அச்சில் விசை, செங்குத்து அச்சில் முடுக்கம் என்று வரைந்தால், கோடு தொடக்கப்புள்ளி வழியாகச் செல்லாது. விசை அச்சை 0.1-க்கு அருகில் வெட்டும். ‘எங்கோ தவறு செய்துவிட்டோம்’ என்பார்கள். தவறில்லை, அந்த வெட்டுப்புள்ளிதான் உராய்வு. சரிபார்க்க ஒரே ஒரு வாஷரை மட்டும் தொங்கவிட்டு வண்டியை மெல்லத் தட்டச் சொல்லுங்கள். 0.098 நியூட்டன் இழுப்பும் 0.1 நியூட்டன் உராய்வும் சமன்பட்டு, வண்டி ஏறக்குறைய மாறாத வேகத்தில் ஓடும். இழுத்துக்கொண்டே இருந்தும் வேகம் கூடவில்லை! தொகுபயன் விசை (எல்லா விசைகளும் சேர்ந்த மொத்தம்) பூஜ்யம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறு இல்லை. முதல் விதியும் இரண்டாம் விதியும் ஒன்றோடொன்று பொருந்தும் இடமும் இதுதான்.

கோட்டின் சாய்வு ஏறக்குறைய 1 வரும். 1-ஐ மொத்த நிறையான 1 கி.கி-ஆல் வகுத்தது அது. இரண்டாவது வகுப்பில், இழுக்கும் சுமையை 50 கிராம் என்று நிலைநிறுத்தி, மொத்த நிறையை 0.5, 1, 1.5, 2 கி.கி என மாற்றுங்கள். உராய்வு இல்லையென்றால் முடுக்கம் முறையே 0.98, 0.49, 0.33, 0.25 மீ/நொ² வர வேண்டும். வண்டி கனக்கக் கனக்க உராய்வும் கூடும் என்பதால் பெரிய நிறைகளில் இதைவிடக் குறைவாகத்தான் வரும். சாய்தள உத்தி இங்கேதான் கைகொடுக்கும். முடுக்கத்தை நிறைக்கு எதிராக வரையாமல், ‘1 ÷ நிறை’க்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும்.

ஆர்வமுள்ள மாணவருக்கு ஒரு நுட்பம்: நூலின் இழுவிசை வாஷரின் எடைக்குச் சமம் அன்று. 100 கிராம் வாஷர் 0.88 மீ/நொ² முடுக்கத்தில் இறங்கும்போது நூலில் இருப்பது 0.1 × (9.8 − 0.88), அதாவது 0.892 நியூட்டன். மீதி, வாஷரையே முடுக்கச் செலவாகிறது.

சோதனை 5: மூன்றாம் விதி

ஒவ்வொரு விசைக்கும் சமமான, எதிர்த்திசையிலான ஓர் எதிர்விசை உண்டு என்பதே மூன்றாம் விதி. மூன்று விதிகளில் சொல்ல மிக எளிதானதும், மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். ‘மேசைமேல் புத்தகம்: எடை கீழே, மேசையின் தாங்குவிசை மேலே, இவை விசையும் எதிர்விசையும்’ என்று பல குறிப்பேடுகளில் இருக்கிறது. அது தவறு. இரண்டும் ஒரே புத்தகத்தின்மேல் செயல்படுகின்றன, சமன்படுகின்றன, அவ்வளவே. மூன்றாம் விதியின் இணை எப்போதும் இரண்டு வெவ்வேறு பொருள்களின்மேல் செயல்படும். புவி புத்தகத்தை ஈர்க்கிறது. புத்தகம் புவியை ஈர்க்கிறது. புத்தகம் மேசையை அழுத்துகிறது; மேசை புத்தகத்தை அழுத்துகிறது. பெயர்களை இப்படி இடம் மாற்றிச் சொல்ல வருகிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை. மாணவர்கள் இதை எழுதிப் பழகட்டும்.

கொக்கியோடு கொக்கி மாட்டிய இரண்டு சுருள்வில் தராசுகளில் தொடங்குங்கள். ஒருவர் சும்மா பிடித்திருக்க, மற்றவர் இழுக்கட்டும். இழுப்பவரின் தராசு அதிகம் காட்டும் என்றுதான் பெரும்பாலும் ஊகம் வரும். இரண்டும் ஒரே அளவைக் காட்டும். காட்டாவிட்டால் தராசுகளின் பூஜ்யத்தைப் பாருங்கள். விதியைச் சந்தேகிக்க வேண்டாம்.

அடுத்தது, சமையலறை டிஜிட்டல் தராசு. அதன்மேல் பாதி நீர் நிரப்பிய குவளையை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். சுருள்வில் தராசில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு, அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீரில் முழுக்க அமிழ்த்துங்கள். சுருள்வில் தராசின் அளவு குறையும். நீர் கல்லை மேலே தள்ளுகிறது. கல் நீரைக் கீழே தள்ளுகிறதே, அது எங்கே தெரியும்? டிஜிட்டல் தராசில். ஒன்று 0.5 நியூட்டன் குறைந்தால் மற்றது 51 கிராம் கூடும். இரண்டு கருவி, இரண்டு பொருள், ஒரே அளவு. கல்லின் மேல் காற்றுக் குமிழிகள் ஒட்டியிருந்தால் எண் சற்று மாறும். ஆனால் இரண்டு தராசிலும் ஒன்றுபோலவே மாறும். இந்த ஒரு சோதனைக்காகவே டிஜிட்டல் தராசு கேட்டு வாங்கலாம்.

பிறகு, வெடித்துப் பிரியும் வண்டிகள். இரண்டு ஒரே மாதிரி வண்டிகளுக்கு இடையில் அழுத்திய சுருள்வில்லை வைத்து, நூலால் கட்டி, நூலை வெட்டிவிடுங்கள். ஒன்றின் மொத்த நிறை 500 கிராம், மற்றது 1 கி.கி. லேசான வண்டி இரு மடங்கு வேகத்தில் போக வேண்டும். வேகத்தை அளக்காமலே இதைக் காட்டலாம்: லேசான வண்டிக்கு 20 செ.மீ தொலைவிலும், கனமான வண்டிக்கு 10 செ.மீ தொலைவிலும் ஒரு மரக்கட்டையை வையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் மோதி, ‘டக்’ என்று ஒற்றை ஒலி கேட்கும். இரண்டு ஒலி கேட்டால், பெரும்பாலும் கனமான வண்டிதான் பிந்தியிருக்கும். உராய்வு இரு வண்டிகளின் வேகத்தையும் நொடிக்கு ஏறக்குறைய ஒரே அளவு குறைக்கிறது. மெதுவாகப் போகும் வண்டிக்கு அந்த இழப்பு பெரிது. வலுவான வில்லைப் போட்டு நேரத்தைக் குறைப்பதே வழி. தூரத்தை 80, 40 செ.மீ என்று கூட்டினால் பிழையும் கூடும்.

‘விசைகள் சமம் என்றால் ஏன் இரண்டும் ஒரே வேகத்தில் போகவில்லை?’ என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். விசை சமம், நிறை வேறு, ஆகவே முடுக்கம் வேறு. நேற்றைய வரைபடத்தை எடுத்துக் காட்டுங்கள்.

பலூன் ராக்கெட்டைக் கடைசியில் வையுங்கள். அதற்குப் பிறகு வகுப்பு வேறெதையும் கேட்காது. 5 மீட்டர் வழவழப்பான நூல், 5 செ.மீ நேரான உறிஞ்சுகுழல் துண்டு, நீளவாட்டுப் பலூன், ஒட்டுநாடா. நூலைக் குழலில் கோத்து இரு முனைகளையும் விறைப்பாகக் கட்டுங்கள். தொய்ந்த நூலில் பலூன் நடுவில் நின்றுவிடும். பலூனை ஊதிய பிறகுதான் குழலோடு ஒட்ட வேண்டும். முன்பே ஒட்டினால் ஊதும்போது நாடா பிய்ந்துவரும். பலூனின் வாய் நூலுக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்தால் சுழன்றுகொண்டே போகும். ‘வெளியேறும் காற்று பின்னால் உள்ள காற்றைத் தள்ளுவதால் பலூன் முன்னே போகிறது’ என்ற விளக்கம் அடிக்கடி வரும். அப்படியென்றால் காற்றே இல்லாத விண்வெளியில் ராக்கெட் நகரவே முடியாது. பலூன் தன்னுள் இருக்கும் காற்றைப் பின்னே தள்ளுகிறது; அந்தக் காற்று பலூனை முன்னே தள்ளுகிறது.

புரிந்ததா என்று பார்க்க

விதிகளை எழுதச் சொல்லும் வினா எதையும் காட்டாது. ஒரே ஒரு படம் போதும். மேலே எறிந்த பந்து, கையை விட்டு, இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கிறது. காற்றின் தடையை விட்டுவிடலாம். பந்தின்மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறியால் வரையச் சொல்லுங்கள்.

சரியான விடை கீழ்நோக்கிய ஒரே அம்பு. கணிசமானோர் மேல்நோக்கியும் ஓர் அம்பு வரைவார்கள், சிலர் அதற்குக் ‘கையின் விசை’ என்று பெயரும் எழுதுவார்கள். அதைச் சிவப்பு மையால் அடித்துவிட வேண்டாம். ‘இந்த அம்பைத் தரும் பொருள் எது? அது இப்போது பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா?’ என்று கேட்டுவிட்டு, மிதக்கும் சிடியை மறுபடி மேசைமேல் வைத்துத் தள்ளச் சொல்லுங்கள். நான்காவது கோட்டை அது தாண்டும்போது, தள்ளிய கை எங்கே இருக்கிறது என்று அவரே காட்டட்டும்.